ஒத்துக்கொள்ளாத பிளாஸ்திரி

புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்கள் யாராவது என்னிடம் ஆஸ்பத்திரி அனுபவம் கேட்டால், ஊசியைப் பற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். நான் முதலில் பிளாஸ்திரியைப் பற்றிச் சொல்வேன். ஊசி வலி குத்திய நிமிடத்தோடு சரி. தோலில் ஒட்டியது ஒத்துக்கொள்ளாமல் போனால் இரவும் பகலும் அதுதான் வேலை. என்னை இருபத்திரண்டு நாள் கட்டிலில் வைத்தது அதுதான். அந்த நாட்களில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. என் தங்கை கலாவிடம் கேட்டேன். "எழுது, ஆனா ஒண்ணையும் குறைக்காம எழுது" என்று சொல்லிவிட்டாள்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தொரு வயது, கலாவுக்குப் பத்தொன்பது. கம்பத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். அந்த வருடம் பங்குனியில் எனக்குத் தீராத தாகம் எடுத்தது. தோட்டத்து மோட்டார் ஓடும்போது குழாயில் நேராக வாயை வைத்துக் குடிப்பேன். அடுத்த அரை மணியில் நாக்கு மறுபடி ஒட்டும். இரண்டு மாதத்தில் என் ஜாக்கெட் எல்லாம் உடம்பில் நிற்காமல் தொங்கின. தேனியில் டாக்டர் பரிசோதித்துவிட்டு அப்பாவிடம் நிதானமாக விளக்கினார். உடம்பில் இன்சுலின் என்று ஒன்று சுரக்க வேண்டும். அது இருந்தால்தான் சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரையை உடம்பு எடுத்துக்கொள்ளும். எனக்கு அது நின்றுவிட்டது. சர்க்கரை ரத்தத்தில் தேங்கிச் சிறுநீரில் போகிறது. காலையும் மாலையும் அந்த இன்சுலினை ஊசியாகப் போட வேண்டும்.

"எத்தன மாசத்துக்குங்க?" என்று அப்பா கேட்டார். ஆயுளுக்கும் என்றார் டாக்டர். கொஞ்ச நேரம் கழித்து அப்பா மறுபடியும் அதையே கேட்டார்.

எனக்கும் அத்தை மகன் தங்கராசுவுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தது. அவர் கம்பத்திலிருந்து கேரள எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டினார். ஊசி ஆரம்பித்த மூன்றாவது வாரம் அத்தை வந்தார். என்னை உள்ளே போகச் சொல்லவில்லை. என் முன்னாலேயே சொன்னார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீக. தெனமும் ஊசி குத்துற பிள்ளைய வச்சு நான் என்ன செய்ய? எனக்கு ஒத்த மகன். பெரியவளுக்குப் பதிலா சின்னவளக் குடுங்க. சொந்தமும் விட்டுப் போகாது."

அப்பா இரண்டு நாள் தோட்டத்திலேயே கிடந்தார். மூன்றாம் நாள் சரி என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. கலாவையும் யாரும் கேட்கவில்லை. ஆனால் அது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

எனக்கு ஊசி போட்டது கலாதான். எனக்குக் கை நடுங்கும். கம்பத்துக் கம்பவுண்டரிடம் போய் நின்று அவள் கற்றுக்கொண்டு வந்தாள். கண்ணாடி ஊசியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுப்பாள், ஆற வைப்பாள், மருந்தை இழுப்பாள். நான் அவள் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முடி அடர்த்தியாக இருக்கும். என்னுடையது கொத்துக் கொத்தாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் வெல்லக்கட்டியை மென்றபடியே அடுப்படியில் நடப்பாள். நான் பார்ப்பது தெரிந்தால் வாயில் இருப்பதைச் சட்டென்று விழுங்குவாள். அவள் வெல்லம் தின்பதைவிட அந்த விழுங்கல்தான் எனக்கு அதிகமாக எரிந்தது.

ஆறாவது மாதம் வலது தொடையில் ஊசி போட்ட இடம் கல்லாக வீங்கியது. காய்ச்சல். அப்பாவும் கலாவும் என்னைப் பஸ்ஸில் தேனிக்குக் கூட்டி வந்தார்கள். காலை எட்டு மணிக்கு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்கள் முறை வரும்போது வெயில் பெஞ்சுக்கு வந்திருந்தது. ஊசித் துவாரத்தில் கிருமி போய்ச் சீழ்க்கட்டி ஆகியிருக்கிறது, கீறி விட வேண்டும் என்றார் டாக்டர். நான் கலாவைப் பார்த்து, "ஊசிய நீ ஒழுங்கா கொதிக்க வைக்கல" என்றேன். இது யாருக்கும் வரக்கூடியது என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னதைக் கேட்காதது போல் இருந்துகொண்டேன்.

அன்று மாலையே கீறினார்கள். எட்டுக் கட்டில் போட்ட பெண்கள் வார்டு. காயத்துக்குள் மருந்துத் துணியைத் திணித்து, மேலே பஞ்சு வைத்து, நான்கு பக்கமும் வெள்ளைத் துணிப் பிளாஸ்திரி ஒட்டுவார்கள். தினம் இரண்டு முறை பிரித்துக் கட்ட வேண்டும். மூன்றாம் நாள் பிளாஸ்திரியைப் பிரித்தபோது அதோடு என் தோலும் வந்தது. ஒட்டிய இடமெல்லாம் வரிவரியாகச் சிவந்து நீர்க்கொப்புளம்.

வார்டு நர்ஸ் ரோசம்மா சிஸ்டர் கோட்டயத்துக்காரர். தேனிக்கு வந்து பத்து வருடம் ஆகியும் தமிழில் பாதி மலையாளம் இருக்கும். "ஐயோ மோளே, உன்ட தொலிக்கு இந்தப் பசை பிடிக்கலையே" என்றார்.

பிளாஸ்திரிப் பசையில் மரப் பிசின் சேர்க்கிறார்கள். சிலருடைய தோல் அதை விஷமாக நினைத்துக்கொள்ளும் என்று அவர்தான் விளக்கினார். மற்றவர்களுக்கு அரிப்போடு போய்விடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒவ்வொரு கொப்புளமும் ஒரு புதுக் காயம், சீக்கிரம் ஆறாது. ஒரு காயத்தை மூட ஒட்டிய பிளாஸ்திரி எனக்கு நான்கு காயம் கொடுத்திருந்தது.

பிளாஸ்திரி இல்லாமல் கட்டுத்துணியைச் சுற்றிப் பார்த்தார். கழிவறைக்கு நடந்து போய் வருவதற்குள் அது முழங்காலுக்கு இறங்கி, காயம் திறந்து கிடந்தது. பிறகு, எந்தப் பசையை என் தோல் ஏற்கும் என்று பார்ப்பதற்கு ஒரு வழி சொன்னார். முதுகில் நான்கு சிறு சதுரங்கள் ஒட்டுவது. ஒன்று பழைய வெள்ளைத் துணி. ஒன்று ஓட்டை போட்ட தோல் நிறப் பிளாஸ்திரி. ஒன்று, முதலில் சாம்பிராணி வாசம் வீசும் ஒரு டிஞ்சரைத் தடவிக் காய வைத்து அதன்மேல் ஒட்டுவது. கடைசி, வேறொரு கம்பெனிப் பிளாஸ்திரி. இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எனக்கு ஒட்டும்போது கலா, "எனக்கும் ஒட்டுங்க சிஸ்டர், அக்காவுக்குத் துணைக்கு" என்று முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சிஸ்டர் சிரித்துக்கொண்டே ஒட்டிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து என் முதுகில் நான்கு சிவப்புச் சதுரங்கள். டிஞ்சர் தடவிய இடம்கூடத் தடித்திருந்தது. கலாவுக்கு ஒட்டிய தடமே இல்லை. "பாரேன், இவட முதுகு கண்ணாடி மாதிரி" என்றார் சிஸ்டர். அவள் ஜாக்கெட்டை இழுத்து மூடிக்கொண்டாள். தோலில்கூட அவள் ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தேன். வாழ்க்கையில் ஒருத்தியின் முதுகைப் பார்த்து அப்படி வயிறு எரிந்தது அன்றுதான்.

சிஸ்டர், பேப்பர் மாதிரி மெல்லிசாக ஒரு பிளாஸ்திரி வெளிநாட்டில் உண்டு, பசை வேறு, கோட்டயத்தில் வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவந்து விற்பார்கள் என்று சொன்னார். அதிலிருந்து மூன்றாம் நாள் கலா என் கட்டிலில் ஒரு சின்ன அட்டைப்பெட்டியை வைத்தாள். உள்ளே ஆறு சுருள்.

"யாரு வாங்குனது?"

"அத்தான்கிட்ட சொல்லி விட்டேன். கோட்டயம் வரைக்கும் போய் வாங்கியாந்திருக்காக."

"எனக்கு வேணாம்."

"ஏங்க்கா?"

"வேணாம்னா வேணாம். கட்டுத்துணியே போதும்."

இரண்டு நாள் பிடிவாதம் பிடித்தேன். கட்டு நழுவி, காயத்தில் பாவாடை ஒட்டி, மறுபடியும் சீழ் வைத்தது. டாக்டர் சத்தம் போட்டார். சிஸ்டர் என்னைக் கேட்காமலேயே பெட்டியைப் பிரித்து அந்தப் பேப்பரை ஒட்டினார். மறுநாள் பிரித்தபோது தோல் தோலாகவே இருந்தது. சிவப்பில்லை, அரிப்பில்லை. சிஸ்டர் கைதட்டினார். அவள் கேட்டுத் தங்கராசு தேடிப் போய் வாங்கி வந்தது எனக்கு ஒத்துக்கொண்டதே என்று நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் அத்தை வந்தார். என் காலை விசாரித்துவிட்டு வந்த விஷயத்தைச் சொன்னார். "அக்காவுக்கு வந்தது தங்கச்சிக்கும் வரும்னு கம்பத்துல ஆளாளுக்குச் சொல்றாக. இங்கன வந்ததோட சின்னவளுக்கும் ஒரு தடவ பாத்துருவம். மனசுக்குச் சமாதானமா இருக்கும்." கலா தலையாட்டினாள்.

சர்க்கரை பார்க்கும் முறை அப்போது எளிது. பரிசோதனைக் குழாயில் நீல நிறத் திரவத்தை ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைப்பார்கள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போய், செங்கல் சிவப்பானால் நிறைய இருக்கிறது. தினம் காலை என் நிறத்தைப் பார்த்துத்தான் எனக்கு எவ்வளவு மருந்து என்று முடிவு செய்வார்கள்.

மறுநாள் காலை சிஸ்டர் இரண்டு பாட்டிலில் பெயர் ஒட்டிக் கொடுத்தார். பெயர் எழுத அவர் பயன்படுத்துவது அந்தப் பழைய வெள்ளைத் துணிப் பிளாஸ்திரியைத்தான். ஒன்றில் என் பெயர் லட்சுமி, ஒன்றில் கலா. சிறுநீர் பிடித்த இரண்டையும் கழிவறைக்கு வெளியே கல் மேடையில் வைத்துவிட்டுக் கலா எனக்குக் கஞ்சி வாங்கப் போனாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கே போனேன். எதற்காகப் போனேன் என்று போகும்போது எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். இரண்டு துண்டையும் பிய்த்தேன். கண்ணாடியிலிருந்து லேசாக வந்துவிட்டது. மாற்றி ஒட்டி, விரலால் அழுத்தி விட்டேன். கட்டிலுக்குத் திரும்பி வந்து பார்த்தால் விரல் நுனியில் பசை. பாவாடையில் துடைத்தும் போகவில்லை.

பரிசோதனை அறை வார்டை ஒட்டியே இருந்தது. வாசலில் அத்தையும் கலாவும் நின்றார்கள். சிஸ்டர் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், கீழே வைத்தார், மறுபடி ஒரு குழாயில் செய்தார். இரண்டு தடவையும் சிவப்பு.

"ஆத்தாடி" என்றார் அத்தை. பையை எடுத்துக்கொண்டு கலாவைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார். கலா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். எனக்கு ஆறு மாதமாக வராத ஒரு நிம்மதி வந்தது. குறைத்து எழுதக் கூடாது என்று அவள் சொல்லியிருப்பதால் எழுதுகிறேன்.

பிறகு சிஸ்டர் என்னிடம் வந்தார். "மோளே, நின்டேது நீலம்! முறிவு உணங்குதில்லே, புண்ணு ஆறுது, அதான் சுகர் இறங்கிட்டு. இப்போ ஊசி போட்டா ரொம்பத் தாழ்ந்து மயக்கம் வரும். காலை ஊசி வேண்டாம், சாயங்காலம் பார்க்கலாம்." அன்று டாக்டர் மதுரை போயிருந்தார். மறுநாள் வந்ததும் கலாவுக்கு ரத்தம் எடுத்துப் பார்ப்பார் என்றும் சொன்னார்.

பாட்டிலை மாற்றும்போது எனக்கு இது தோன்றவே இல்லை. என் சிவப்பை அவளுக்குக் கொடுத்தால் அவளுடைய நீலம் எனக்கு வரும், நீலக்காரிக்கு மருந்து கிடையாது. வாயைத் திறந்து சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். சொல்லவில்லை. மதியத்துக்குள் நாக்கு அட்டையாகிவிட்டது. ஒரு கூஜாத் தண்ணீரைக் காலி செய்தேன். வயிற்றைப் பிசைந்தது, மூச்சு ஆழமாக இழுத்தது.

மூன்று மணி இருக்கும். என் கட்டில் வராந்தா ஜன்னலை ஒட்டி. வெளியே தங்கராசுவின் குரல் கேட்டது.

"அம்மா சொன்னாக."

"ஆமா" என்றாள் கலா. "அத்தை மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீங்க வேற எடம் பாத்துக்கங்க."

"யாருக்கு வேற எடம்?"

அவள் விசும்புவது கேட்டது.

"ஊசிதான? போட்டுக்குவோம். உங்க அக்காவுக்கு நீ போடல? அதே மாதிரி நான் கத்துக்கிட்டு உனக்குப் போட்டுட்டுப் போறேன். அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். அழுகாத, கலா."

எனக்கு நோய் வந்த மாதத்தில் அவருடைய ஜீப் எங்கள் தோட்டத்து வழியாகத்தான் போகும், வரும். ஒரு நாள் நின்றதில்லை. சர்க்கரைக்குப் பயந்து, அம்மாவுக்குப் பயந்து நிற்கவில்லை என்று நான் நினைத்திருந்தேன். கலாவையும் அப்படியே விட்டுவிடுவார் என்று நம்பித்தான் பாட்டிலைத் தொட்டேன். அவர் பயப்படுகிற ஆள் இல்லை. என்னை விடுவதற்கு அவருக்குச் சர்க்கரை ஒரு சாக்கு. அவளை விடுவதற்கு அதுவும் போதவில்லை.

அவர் போன பிறகு கலா உள்ளே வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள். என் அலமாரியிலிருந்து ஊசிப் பெட்டியை எடுத்து, கொதித்து ஆறிய தண்ணீரைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்குப் போடுறப்ப நடுங்காதுக்கா. எனக்குன்னதும் நடுங்குது. பழகிக்கிறேன்."

சேலைக்கு மேலாகவே தன் தொடையைக் கிள்ளிப் பிடித்தாள். இரண்டு தடவை ஊசியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். மூன்றாவது தடவை குத்திவிட்டாள். கண்ணில் நீர் தளும்பியது.

"இம்புட்டு வலிக்குமாக்கா?" என்றாள். "நான் உனக்கு வலிக்காமப் போடுறேன்னுல நெனச்சுக்கிட்டிருந்தேன். ஒரு நாளும் நீ சொல்லலியே."

அவள் கையைப் பிடித்தேன். "கலா, அது உன்னோடது இல்ல. என்னோடது. பேர மாத்தி ஒட்டுனது நான்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊசியைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"அப்ப உனக்குக் காலையில ஊசி போடலையா?"

நான் பதில் சொல்வதற்குள் வாந்தி வந்துவிட்டது. அவள் "சிஸ்டர்!" என்று கத்திக்கொண்டு ஓடியது கேட்டது. "பாட்டில் மாறிப்போச்சு சிஸ்டர், அக்காவுக்கு ஊசி போடணும், சீக்கிரம் வாங்க."

இன்சுலின் இல்லாதபோது உடம்பு தன் கொழுப்பையே எரிக்க ஆரம்பிக்கும். அதில் வரும் அமிலம் ரத்தத்தைக் கெடுக்கும், மூச்சில் அழுகின பழ வாசம் அடிக்கும், விட்டால் நினைவு தப்பும். எனக்குக் கையில் சலைன் ஏற்றினார்கள், மணிக்கொரு தடவை மருந்து போட்டார்கள். சலைன் ஊசி அசையாமல் இருக்கக் கோட்டயத்துப் பேப்பரைக் கையைச் சுற்றி ஒட்டினார்கள். ரோசம்மா சிஸ்டர் அதை ஒட்டும்போது என் காதருகே சொன்னார்: "பாட்டில் தானா மாறில்லா. நான் எழுதி, நான் ஒட்டினது. எனிக்குத் தெரியும்." அவ்வளவுதான். ஒட்டும்போது கை மட்டும் எப்போதும் போல மெதுவாகவே இருந்தது.

மறுநாள் டாக்டரிடம் நானே சொன்னேன். அவர் என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நீ பிழைச்சது உன் தங்கச்சி கேட்ட முதல் கேள்வியாலே" என்றார். கலாவுக்கு ரத்தம் எடுத்தார்கள். சுத்தமாக இருந்தது.

கலா என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "அத்தைகிட்ட நீயேதான் சொல்லணும்." அப்பா ஆள் அனுப்பி அத்தையை வரவழைத்தார். படுத்தபடியே சொன்னேன். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். திட்டவில்லை. "உனக்கு நான் செஞ்சதுக்கு நீ செஞ்சியாத்தா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய் வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு ஒன்பது நாள் கலா என்னோடு பேசவில்லை. ஆனால் காலையும் மாலையும் வந்தாள். தேங்காய் எண்ணெயில் பஞ்சை நனைத்து, பேப்பரின் ஓரத்தை ஈரமாக்கி, தோலை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிப்பாள். காயத்தைத் துடைத்து, முன்பு ஒட்டிய இடத்தை விட்டு வேறு இடத்தில் புதியதை ஒட்டுவாள். ஊசி போடுவதற்கு முன் இப்போதெல்லாம் ஒரு நொடி நிறுத்துவாள். வேறு யாராவது அப்படி வாய் பேசாமல் செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று காலை அவள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"என்கூடப் பேசவே மாட்டியா?"

மடிப்பதை நிறுத்தவில்லை. "அன்னைக்கு ஒரு பகல் பூரா உன் நோய் எனக்கு இருந்துச்சு. அன்னைக்கு எனக்கு உன் மேல பொறாமையா இருந்துச்சுக்கா."

"என் மேலயா?"

"உனக்கு வந்தப்ப நான் இருந்தேன். எனக்கு வந்தா யாரு இருக்கான்னு பாத்தேன். உன்னத்தான் நெனச்சேன், நீயோ பேர மாத்தி ஒட்டிட்டு வந்து படுத்திருந்த." பையின் வாயைக் கட்டினாள். "வா, கம்பம் பஸ் போயிரும்."

தை மாதம் வீரபாண்டிக் கோயிலில் வைத்துக் கல்யாணம். நான் போனேன். தங்கராசு தாலி கட்டும்போது எனக்கு வயிறு எரிந்தது. நான் அழுததை எல்லோரும் அக்கா பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள், நானும் மறுத்துச் சொல்லவில்லை. சாயங்காலம் ஊசிக்கு நேரமானது. சத்திரத்தின் பின்னறையில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, நடுங்கும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. மாலையைக் கழற்றி யார் கையிலோ கொடுத்துவிட்டுக் கலா உள்ளே வந்தாள். பட்டுச் சேலையோடு தரையில் உட்கார்ந்து, "எந்தக் கால்?" என்று கேட்டாள். இடது காலைக் காட்டினேன். போட்டுவிட்டு, அந்த இடத்தைக் கட்டை விரலால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளியே அவளைத் தேடிக் கூப்பிட்டார்கள். "இருங்க, வாறேன்" என்று உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தாள்.